இலை கறுத்தால் மேலே பார்: கொங்குத் தோட்டத்து மரங்களுக்கு அறிகுறி வழி வைத்தியம்

போன பங்குனியில் எங்கள் வாசல் கொய்யா கறுத்துப்போனது. இலையின் மேல்பக்கம் விறகடுப்பில் ஏற்றி இறக்கிய சட்டியின் அடி மாதிரி. நாலு இலையைப் பறித்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். "பூஞ்சாணமுங்க" என்று ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். அடித்தேன். பத்து நாள் கழித்து மறுபடியும் அடித்தேன். கறுப்பு அப்படியே இருந்தது. மூன்றாவது பொட்டலம் வாங்கக் கிளம்பிய அன்றைக்குத்தான் தேங்காய் போட மரமேறும் அண்ணன் வந்திருந்தார். கொய்யா இலையை விரலால் தொட்டு, அந்தப் பிசுபிசுப்பைக் கட்டைவிரலில் உருட்டிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தினார்.

"கொய்யாவுக்கு ஒண்ணுமில்லீங்க. மேல பாருங்க."

நேர் மேலே தென்னை மட்டை. அதன் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை மாவில் யாரோ விரலால் சுழி சுழியாக வரைந்து வைத்தது போல் இருந்தது. சுருள் வெள்ளை ஈ. அது ஒழுக்கிய தேன் போன்ற கழிவுதான் கொய்யாவில் சொட்டியிருக்கிறது. நான் இருபது நாளாக மருந்தடித்தது கீழ் வீட்டுக்கு, ஓட்டை இருந்ததோ மேல் வீட்டில்.

அன்றிலிருந்து எந்த மரத்தில் என்ன தெரிந்தாலும் மரத்தடியில் நின்று மூன்று விஷயம் பார்க்கிறேன். மேலே என்ன இருக்கிறது? கீழே என்ன கிடக்கிறது? பகலில் நடந்ததா, ராத்திரியிலா? கடைக்குப் போவது அதற்கு அப்புறம்தான். கீழே உள்ளவற்றையும் அந்தக் கண்ணோடு படியுங்கள். உங்கள் மரத்தில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

இலை மேல் கரி பூசியது போல் கறுப்பு, தொட்டால் பிசுபிசுப்பு

இந்தக் கறுப்பு இலைக்குள் போகாது. ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள், அடியில் பச்சை நன்றாகவே இருக்கும். இனிப்புக் கழிவின் மேல் வளரும் பூசணம் அது. வெயில் இலையில் படாமல் மறைக்கிறது, அவ்வளவுதான். இனிப்பு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதே வேலை.

தென்னைக்குக் கீழே உள்ள செடி என்றால் என் கதைதான். இந்த வெள்ளை ஈ நம் ஊர்ப் பூச்சி அல்ல, நடு அமெரிக்காவிலிருந்து வந்தது. இந்தியாவில் இதை முதலில் பார்த்ததே 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம்தான். தென்னை, வாழை, கொய்யா, பாக்கு எல்லாவற்றிலும் உட்காரும். வெயில் காலத்தில் பெருகும், நல்ல மழை இரண்டு பெய்தால் குறையும்.

இதற்குக் கடும் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம் என்பது என் கட்சி, வேளாண் துறையின் கட்சியும் அதுதான். காரணம், இதன் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் என்கார்சியா என்ற குளவி இருக்கிறது. கடுகை விடச் சிறியது. மட்டையின் அடியில் வெள்ளைக்கு நடுவே கறுப்புப் புள்ளிகளாகச் சில குஞ்சுகள் தெரிந்தால், அவை குளவி குடியேறியவை. அந்த ஓலைத் துண்டை வெட்டி, குளவி இல்லாத மரத்து மட்டையில் கட்டி விடுங்கள். மருந்தடித்தால் ஈக்கு முன்னால் சாவது குளவிதான்.

செய்ய வேண்டியவை இவை. மோட்டார் தண்ணீரைக் குழாயில் விசையாக மட்டையின் அடிப்பக்கம் பீய்ச்சுங்கள். மஞ்சள் பாலித்தீன் தாளில் விளக்கெண்ணெய் தடவி 5, 6 அடி உயரத்தில் மரங்களுக்கு நடுவே கட்டுங்கள், ஏக்கருக்குப் பத்துக்குக் குறையாமல். எண்ணெய் காய்ந்ததும் துடைத்துவிட்டு மறுபடி தடவ வேண்டும். அதிகமாக இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து, பொழுது சாய்ந்தபின் அடியுங்கள். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் தனியாக மிதக்கும், முதல் தெளிப்பில் வெறும் தண்ணீரும் கடைசியில் வெறும் எண்ணெயுமாகப் போய் இலை கருகும்.

கறுப்பை எடுக்க ஒரு வேடிக்கையான வழி உண்டு. லிட்டருக்கு 25 கிராம் மைதாவைப் பசை காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டி அடிப்பது. வெயிலில் பசை காய்ந்து அப்பளம் போல் உரியும், உரியும்போது கரியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு விழும். என் மாமியார் சுவரொட்டி ஒட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

மேலே தென்னை இல்லை, மாமரம்தான், பூவெடுக்கும் தை மாசியில் கறுக்கிறது, மரத்தடியில் நடந்தால் மழைத்தூறல் விழுகிற மாதிரி சடசடவென்று பூச்சி பறக்கிறது என்றால் அது தத்துப்பூச்சி. நெருக்கமாக இருக்கும் உள்கிளைகளைக் காய் பறித்தபின் கழித்துவிட்டு வெயிலும் காற்றும் உள்ளே போக விடுவதுதான் பாதி மருந்து. பூங்கொத்தில் வெள்ளை மாவு தூவியது போலவும் இருந்தால் அது சாம்பல் நோய், நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம். சீத்தா, செம்பருத்தி, கொய்யாவில் எறும்பு வரிசையும் கூடவே தெரிந்தால் மாவுப்பூச்சி. எறும்பு அதை மேய்க்கிறது, நாம் மாடு மேய்க்கிற மாதிரி. அடிமரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பாலித்தீன் சுற்றி கிரீஸ் தடவி எறும்பை நிறுத்துங்கள், அதற்கப்புறம் மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

தென்னங்குருத்து விரிந்ததும் கத்தரியால் வெட்டியது போல் இருக்கிறது

ஒரு காகிதத்தை நாலாக மடித்து ஓரத்தில் கத்தரித்து விரித்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டு விழுமில்லையா? அதேதான். காண்டாமிருக வண்டு மூடிய குருத்துக்குள் துளைத்துப் போகிறது, குருத்து விரிந்தபின்தான் அந்தத் துளை ஓலையில் வரிசை வெட்டாகத் தெரிகிறது. அதாவது இன்றைக்கு நீங்கள் பார்க்கும் வெட்டு போன மாதம் நடந்த திருட்டு. வெட்டைப் பார்த்து இன்றைக்கு மருந்தூற்றிப் பயனில்லை. மட்டையிடுக்கில் பச்சையாக நார்ச்சக்கை தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வண்டு இப்போது உள்ளே இருக்கிறது. முனை வளைந்த கம்பியால் குத்தி இழுத்து எடுங்கள்.

ஆனால் வண்டு பிறந்த இடம் மரமல்ல, உங்கள் எருக்குழி. பட்டிக்குப் பின்னால் வருஷக்கணக்கில் கிளறாமல் கிடக்கும் குப்பையை மம்பட்டியால் ஒரு முழம் வெட்டிப் பாருங்கள். கட்டைவிரல் தடிமனில், வெள்ளையாக, அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும் புழுக்கள்தான் அடுத்த பருவத்து வண்டு. நான் முதன்முதலில் வெட்டியபோது ஒரு கூடை அளவுக்கு வந்தது. கோழிகள் அன்றைக்கு நடக்க முடியாமல் நடந்தன. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குழியைக் கிளறிவிட்டால் காக்காயும் கோழியும் பார்த்துக்கொள்ளும். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சணத்தை வாங்கி ஈரமான எருவில் கலந்துவிட்டால் புழு நோய்ப்பட்டுச் சாகும். ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையத்திலோ வேளாண் பல்கலைக்கழகத்திலோ கேட்டுப்பாருங்கள்.

மரத்துக்கு என்று செய்வதானால், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து மேல் மூன்று மட்டையிடுக்கில் போடலாம். இளங்கன்றுக்கு அந்துருண்டை 3, மட்டையிடுக்கில் வைத்து மேலே மணல் தூவி, 45 நாளுக்கு ஒருமுறை மாற்றலாம். ஆமணக்குப் புண்ணாக்கு ஒரு கிலோவை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து மண்பானையில் தோப்புக்குள் வைத்தால் அந்த நாற்றத்துக்கு வண்டு வந்து விழும். நாற்றம் வீட்டுக்கும் வரும், காற்று பார்த்து வையுங்கள்.

இந்த வண்டை இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்குக் காரணம், அது போட்ட ஓட்டை வழியாகத்தான் அடுத்தவன் வருகிறான். சிவப்புக் கூன்வண்டு. அடிமரத்திலோ கழுத்திலோ ஓட்டை, அதிலிருந்து பழுப்பு நீர், மென்று துப்பிய நார் வெளியே தொங்குதல் இவை தெரிந்தால் அவன்தான். மரத்தில் காதை வைத்துக் கேட்டால் நறநற என்று சத்தம் கேட்கும். நடு மட்டைகள் வாடிச் சாய்ந்தபின் கண்டுபிடித்தால் பெரும்பாலும் மரம் போனதுதான். தடுப்பு எளிது: மரத்தில் ஆணி அடிக்காதீர்கள், ஏறுவதற்குப் படி வெட்டாதீர்கள், பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டிலிருந்து 4 அடி விட்டு வெட்டுங்கள். வெட்டுக்காய வாசனைக்கே அது மைல் தாண்டி வரும். வண்டின் வாசனையைக் காட்டியே வண்டை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் வைத்தால் பக்கத்துத் தோப்பு வண்டெல்லாம் உங்கள் தோப்புக்கு விருந்துக்கு வரும். நாலு தோட்டக்காரர் சேர்ந்து ஊர் ஓரமாக வைப்பதென்றால் வையுங்கள்.

தென்னையில் வேறு மாதிரி கோளாறு

அடித்தண்டில், தரைக்கு மேல் இரண்டு மூன்று அடிக்குள், செம்பழுப்பாகப் பிசின் வழிகிறது, ஓட்டை எதுவும் இல்லை என்றால் வாடல் நோய், தஞ்சாவூர் வாடல் என்பார்கள். மரத்துக்கு வருஷம் 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, அதோடு டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சணம், வட்டப்பாத்தி முழுக்க ஒரு சத போர்டோ கலவை 40 லிட்டர் (மயில்துத்தம் என்ற செம்பு உப்பும் சுண்ணாம்பும் கலந்தது, செய்முறை எலுமிச்சைத் தலைப்பில் இருக்கிறது). ஒரு மரத்துத் தண்ணீர் இன்னொரு மரத்துக்குப் பாயாமல் பாத்தியைப் பிரித்துவிடுங்கள். மழைக்காலத்தில் குருத்து சாய்ந்து, இழுத்தால் கையோடு வந்து, அடியில் குமட்டும் நாற்றம் வந்தால் குருத்தழுகல். அழுகலைச் சுரண்டி எடுத்து போர்டோ பசை தடவி, மழை இறங்காதபடி மூடி வைக்க வேண்டும்.

காய் சிறுத்து, தோடு வெடித்து, காம்புக்குக் கீழே முக்கோணமாகப் பழுப்புத் தழும்பு இருந்தால் ஈரியோபைட் சிலந்தி. தேங்காய் கெடாது, உரிக்கிறவர் மட்டும் திட்டுவார். எரு, வேப்பம்புண்ணாக்கு, பொட்டாஷ் ஒழுங்காகப் போகும் மரத்தில் இதன் சேட்டை குறைவு.

இன்னொன்றைச் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. ஓலைகள் விலா எலும்பு மாதிரி உள்பக்கம் வளைந்து, தொய்ந்து, நடு மட்டைகள் மஞ்சளடித்தால் அது கேரள வேர்வாடல். 1882 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் ஈராட்டுப்பேட்டைப் பக்கம் முதலில் கண்டது, இன்றைக்குப் பொள்ளாச்சி, ஆனைமலையில் தோப்பு தோப்பாக மரம் வெட்ட வைத்திருக்கிறது. பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர், கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் பரப்புகின்றன. தீர்க்கும் மருந்து கிடையாது. வேரில் கட்டும் பாக்கெட், தண்டில் ஏற்றும் ஊசி என்று விற்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள். வருஷம் 10 காய்க்குக் கீழே போன மரத்தை எடுத்துவிடுவதும், மற்ற மரங்களுக்கு எருவும் தண்ணீரும் குறையாமல் கொடுத்துக் காய்க்க வைப்பதும்தான் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வது. மறுநடவுக்குக் கல்பரக்ஷா, கல்பஸ்ரீ, கல்ப சங்கரா போன்ற தாங்கும் ரகங்கள் இருக்கின்றன. எங்கள் அப்பச்சி வைத்த மரங்களில் ஆறை நானே நின்று வெட்டக் கொடுத்தேன்.

பழம் வெளியே நன்றாக இருக்கிறது, உள்ளே புழு

கொய்யாவை அறுத்தால் வெள்ளையாகப் புழுக்கள் நெளிந்து, எடுத்து வைத்தால் துள்ளிக் குதித்தால் பழ ஈ. மழைக்காலக் காய்ப்பில்தான் அதிகம். தாய் ஈ தோலுக்குள் ஊசி போட்ட மாதிரி முட்டை வைக்கிறது, புழு பழத்தோடு கீழே விழுந்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிறது. அதனால் மேலே மருந்தடிப்பதை விடக் கீழே கிடப்பதைப் பொறுக்குவது முக்கியம். விழுந்த பழத்தைக் குப்பைக்குழியில் போட்டால் அங்கிருந்து ஈ கிளம்பும். பாலித்தீன் பையில் கட்டி நாலு நாள் வெயிலில் போடுங்கள், இல்லையென்றால் இரண்டு அடி ஆழத்தில் புதையுங்கள். மரத்தடி மண்ணை லேசாகக் கொத்திவிட்டால் கோழி மீதியை முடிக்கும்.

மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் வைத்த பொறி ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும், பெண் வராது. ஆண் குறைந்தால் அடுத்த தலைமுறை குறையும், அதனால் காய் எலுமிச்சை அளவு இருக்கும்போதே பொறியைத் தொங்கவிட வேண்டும். பழுத்தபின் வைத்துவிட்டுப் பொறி வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. துளசியிலும் அதே பொருள் இருக்கிறது. கைப்பிடி துளசியைக் கசக்கித் தேங்காய்த் தொட்டியில் வைத்துப் பாருங்கள், அரை மணி நேரத்தில் ஈக்கள் மொய்க்கும். வேடிக்கை காட்டுவதற்கு நல்லது, நாலு மரத்துக்கு மேல் இருந்தால் பொறியே வாங்குங்கள். வீட்டுக்கு இரண்டு மரம் என்றால் எல்லாவற்றையும் விடத் துணிப்பைதான் சிறந்தது, காய்க்கு ஒரு பை.

மாதுளையில் ஓட்டை, ஓட்டை வாயில் நாற்றமடிக்கும் எச்சம் என்றால் ஒரு பட்டாம்பூச்சியின் புழு. அதற்கும் பைதான்.

மாம்பழத்தில் வெளியே கீறல்கூட இல்லை, கொட்டையை உடைத்தால் கறுப்பு வண்டு உட்கார்ந்திருக்கிறது. எப்படி உள்ளே போனது என்று என் மகள் ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தாள். காய் கோலிக்குண்டு அளவில் இருந்தபோதே தோலில் முட்டை வைத்துவிடுகிறது. புழு துளைத்துக் கொட்டைக்குள் போக, காய் வளர வளர அந்தக் காயம் ஆறித் தடமே இல்லாமல் போகிறது. சாப்பிட்ட கொட்டைகளைத் தோட்டத்தில் எறியாமல் எரித்துவிட்டால் அடுத்த வருஷம் குறையும். மிச்ச வண்டுகள் பட்டை வெடிப்பில் ஒளிந்திருக்கும்.

பழத்தில் குண்டூசி முனை ஓட்டை, சுற்றிலும் மெத்தென்று அழுகல் என்றால் ராத்திரியில் வந்து சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி. அதன் புழு வளர்வது பழமரத்தில் அல்ல, வேலியில் படரும் சீந்தில் கொடியில். வேலியைப் போய்ப் பாருங்கள். மருந்துக்கு வேண்டிய அளவு விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடலாம்.

பப்பாளியில் வெள்ளைப் பஞ்சு

கோவைக்காரர்கள் இதை மறக்க மாட்டார்கள். 2008 வாக்கில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பார்த்தீனியம் என்று கண்ணில் பட்டதெல்லாம் வெள்ளைப் பஞ்சு. மெக்சிகோ பக்கத்து மாவுப்பூச்சி அது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை, மருந்தடித்துத்தான் கடன்பட்டோம். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைத் தருவித்து விட்டார்கள். அதில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒன்று, எள்ளை விடச் சிறியது, ஓரிரு வருஷத்தில் பூச்சியை அடக்கிவிட்டது. பின்னர் 2020-ல் நாமக்கல், சேலம் மரவள்ளியில் வேறொரு மாவுப்பூச்சி வந்தபோதும் ஆப்பிரிக்காவிலிருந்து குளவி கொண்டுவந்துதான் தீர்த்தார்கள். இன்றைக்கும் உங்கள் பப்பாளியில் பஞ்சு தெரிந்தால் முதலில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு இரண்டு வாரம் பொறுங்கள். குளவி பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும்.

பஞ்சு இல்லை, இலை சுருங்கி நூல் மாதிரி ஆகிறது, காயில் வளையம் வளையமாகத் தழும்பு என்றால் வளையப்புள்ளி வைரஸ். அசுவினி என்ற சாறுறிஞ்சும் பூச்சி பரப்புகிறது. மரத்தைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான், வேறு பேச்சில்லை.

எலுமிச்சை, வேம்பு, முருங்கை

எலுமிச்சை இலையில் சொரசொரப்பான பழுப்புப் பருக்கள், சுற்றி மஞ்சள் வளையம், காயிலும் சொறி: சொறி நோய், பாக்டீரியா. இளந்தளிரில் வெள்ளிக்கோடு போல நெளிநெளியாக ஓடும் இலைத்துளைப்பான் போட்ட காயம் வழியாக நுழைகிறது. மழைக்கு முன்பே நோய்க்கிளையைக் கழித்து எரித்துவிட்டு போர்டோ கலவை அடிக்க வேண்டும். இலையைக் கடித்துத் தின்பது காக்காய் எச்சம் மாதிரியே இருக்கும் புழு என்றால் கையால் எடுத்துப் போடுங்கள். குச்சியால் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பு இரண்டை நீட்டி நாற்றம் விடும். குழந்தைகளுக்குக் காட்ட வேண்டிய காட்சி. பெரிய மரம் என்றால் விட்டுவிடுங்கள், பட்டாம்பூச்சியாகப் போகட்டும்.

போர்டோ கலவை வீட்டிலேயே செய்யலாம். 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் வாளியிலும், 100 கிராம் சுண்ணாம்பை இன்னொரு 5 லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, சுண்ணாம்பு நீரில் துத்த நீரைக் கிளறிக்கொண்டே ஊற்ற வேண்டும். வான நீலம் வரும். துருப்பிடிக்காத இடமாகப் பார்த்து இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடுங்கள். அலகில் செம்பு படிந்தால் துத்தம் மிஞ்சிவிட்டது, இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு ஊற்றுங்கள். அன்றைக்கே அடித்து முடிக்க வேண்டும். பசை என்றால் அதே அளவு துத்தமும் சுண்ணாம்பும், தண்ணீர் மட்டும் மொத்தம் ஒரு லிட்டர். இதன் பிறப்பே சுவாரஸ்யம். பிரான்சில் போர்டோ பக்கம் வழிப்போக்கர்கள் திராட்சை திருடாமலிருக்க ரோட்டோரக் கொடிகளில் பார்க்க விஷம் மாதிரி நீலமாக இதைத் தெளித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லை என்று மிலார்டே என்ற பேராசிரியர் கவனித்து 1885-ல் எழுதினார்.

வேப்பமரம் நுனிநுனியாகக் கருகி, தீ வைத்த மாதிரி ஆனால் பதற வேண்டாம். மழைக்காலத்தில் தொடங்கிப் பனி வரைக்கும் நுனிக்கருகல் பூஞ்சணமும் தேயிலைக் கொசு என்ற சாறுறிஞ்சும் பூச்சியும் சேர்ந்து செய்கிற வேலை. மாசி பங்குனியில் பெரும்பாலான மரங்கள் துளிர்த்துவிடும். 60 அடி மரத்துக்கு யாரும் மருந்தடிக்கப் போவதில்லை, அடித்தும் பயனில்லை. இளங்கன்று என்றால் மட்டும் கருகிய நுனிக்கு ஒரு சாண் கீழே வெட்டி எரியுங்கள். மாரியாத்தா கோபம் என்று ஊரில் பேசிக்கொண்டபோது எங்கள் அமுச்சி, "கோவம்னா தைக்கு மேல ஏன் துளுக்குது?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்.

முருங்கையில் ஐப்பசி மழைக்கு அப்புறம் கம்பளிப்பூச்சி பகலில் அடிமரத்தில் கம்பளி விரித்த மாதிரி கூட்டமாக இருக்கும். அப்போது பிடித்தால் ஒரே தீப்பந்தத்தில் தீர்ந்தது. இலைக்கு ஏறிப் பிரிந்துவிட்டால் பிடிக்க முடியாது. வெறும் கையால் தொடாதீர்கள்.

காய் இருந்தது, காலையில் காணோம்

இனி பல் உள்ள எதிரிகள். இங்கே கீழே கிடப்பதும் நேரமும்தான் சாட்சி.

குரும்பையும் இளநீரும் காம்போரத்தில் ரூபாய் அளவு ஓட்டையோடு விழுந்தால் எலி. மரத்து உச்சியிலேயே குடியிருக்கும். உச்சியைச் சுத்தம் செய்து, தரையிலிருந்து 6 அடிக்கு மேல் ஒன்றரை அடி அகலத் தகரம் சுற்றினால் ஏற முடியாமல் வழுக்கும். ஆனால் பக்கத்து மரத்து மட்டை தொட்டுக்கொண்டிருந்தால் தகரம் வீண், மட்டை வழியாக நடந்து வந்துவிடும். தகரமடித்த நான் இதைக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது.

கொய்யா, சப்போட்டா பகலில் கொறித்திருந்தால் அணில். பாதி கடித்து உடனே விட்டெறிந்து அடுத்ததைக் கடித்திருந்தால் கிளி. ராத்திரியில் போனது, மரத்தடியில் மென்று துப்பிய சக்கை உருண்டை கிடக்கிறது என்றால் வௌவால். வௌவால் கடித்த பழத்தை நன்றாக இருக்கும் பக்கம் அறுத்துத் தின்னும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வௌவாலிலிருந்து மனுஷருக்குத் தொற்றும் நிபா வைரஸ் 2018-ல் கோழிக்கோட்டில் வந்தது பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம்தான். வலை போடுவதென்றால் சிறு கண் வலையை இறுக்கிக் கட்டுங்கள். பெரிய கண் நைலான் வலை தொளதொளவென்று தொங்கினால் சாரைப்பாம்பும் ஆந்தையும் மாட்டிச் சாகும், எலி பிடிக்க இருந்த இரண்டு ஆளும் போய்விடும்.

மயில்: நாற்றையும் தக்காளியையும் கொத்துகிறது. பளபளா ரிப்பன் ஒரு வாரம் பயமுறுத்தும், எட்டாம் நாள் அதன்மேலேயே உட்காரும். நாற்றங்காலுக்கு மட்டும் வலை போடுங்கள். தேசியப் பறவை, வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை, போதாக்குறைக்கு முருகன் வாகனம். மூன்று பக்கமும் கை கட்டி வைத்திருக்கிறார்கள்.

தென்னங்கன்று, வாழைக்கிழங்கு, கடலை கிளறிப் போட்டு, பிளந்த குளம்புத் தடம் இருந்தால் காட்டுப்பன்றி. வேலியைச் சுற்றிப் பழைய சேலை கட்டுவது நம் பக்கத்து வழக்கம், நிறம் நிறமாக ஆடுவதில் கொஞ்ச நாள் மிரளும். சலூனிலிருந்து முடி வாங்கி ஓரம் முழுக்கத் தூவினால், மோப்பம் பிடிக்கும்போது மூக்கில் ஏறி எரிச்சல் கொடுக்கும். மழை பெய்தால் மறுபடி தூவ வேண்டும். இரண்டையும் இடம் மாற்றி மாற்றிச் செய்தால்தான் பலன். கரண்ட் கம்பியிலிருந்து நேராக வேலிக்கு மின்சாரம் கொடுப்பதும் அவுட்டுக்காய் (தீனிக்குள் ஒளித்த நாட்டு வெடி) வைப்பதும் குற்றம். பன்றிக்கு வைத்ததில் யானை செத்திருக்கிறது, தண்ணீர் கட்டப்போன மனுஷரும் செத்திருக்கிறார்.

தடாகம், மேட்டுப்பாளையம், தாளவாடிப் பக்கம் உள்ளவர்களுக்கு யானையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பலாவைப் பழுக்க விடாமல் பிஞ்சிலேயே இறக்கிவிடுங்கள். வாழை போனால் போகட்டும், டார்ச்சோடு தோட்டத்துக்குள் இறங்காமல் வனத்துறைக்குப் போன் போடுங்கள். காலையில் சேதத்தை ஒதுக்குவதற்கு முன் போட்டோ எடுத்து வைத்தால் இழப்பீட்டு மனுவுக்கு ஆகும்.

மேலே சொன்ன எதுவும் பொருந்தவில்லையா? வேளாண் அறிவியல் நிலையத்துக்கு மாதிரி எடுத்துப் போங்கள். முழுக்கக் காய்ந்த இலை வேண்டாம். காய்ந்ததும் பச்சையும் சந்திக்கிற இடத்தோடு கூடிய இலை நாலு, பூச்சி இருந்தால் பூச்சி, மரத்தடி மண் ஒரு பிடி. இலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகி, போய்ச் சேர்வதற்குள் புதிதாக வேறு பூசணம் வந்திருக்கும். பழைய தினத்தாளில் சுற்றிக்கொள்ளுங்கள். இதுவரை என்னென்ன மருந்து அடித்தீர்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். நான் முதல் தடவை இரண்டைச் சொல்லாமல் விட்டேன், அவர் இலையைப் பார்த்தே கேட்டுவிட்டார்.